வாசகர் கேள்வி பதில்: ஐயாயிரம் டாலரும் ஒரு ஆன்ட்டியின் போன் நம்பரும்

சென்ற இதழில் ஒரு பதிலின் கடைசியில், நல்லிணக்க வாரத்துக்கு நம் சங்கங்களும் சின்ன மானியம் கேட்கலாமே என்று ஒற்றை வரி எழுதிவிட்டுப் போனேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப்பேர் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார்கள், மீதிப்பேர் நமக்கு இது எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டும் நியாயமான கேள்விதான், அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதுவே.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக: ஆஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் மே 27 முதல் ஜூன் 3 வரை தேசிய நல்லிணக்க வாரம். தொடக்க நாள், 1967இல் நடந்த பொது வாக்கெடுப்பின் நாள். பூர்வகுடி மக்களையும் மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்க வேண்டும், அவர்களுக்காகச் சட்டம் இயற்றும் அதிகாரம் மத்திய அரசுக்கு வேண்டும் என்று 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். முடிவு நாள், 1992இல் மாபோ தீர்ப்பு வந்த நாள். பிரிட்டிஷ்காரர்கள் வந்து இறங்கியபோது இந்த நிலம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது என்ற பழைய கதையை உயர் நீதிமன்றம் அன்றுதான் தூக்கிப்போட்டது. வழக்கை நடத்திய எடி மாபோ அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. தீர்ப்புக்கு ஐந்து மாதம் முன்பு ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்.

சரி, கடிதங்களுக்கு வருவோம்.

லோகன் பக்கம் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து பொங்கலும் தீபாவளியும் செய்கிறோம். பதிவு எதுவும் கிடையாது, ஒரு வாட்ஸ்அப் குழுதான். எங்களுக்கும் இந்த மானியம் கிடைக்குமா, எவ்வளவு? (வாசகர், குவீன்ஸ்லாந்து)

உங்கள் மாநிலத்தில் இதற்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. நல்லிணக்கத்தைக் கொண்டாடும் சிறு மானியத் திட்டம் என்று பெயர், நல்லிணக்க வாரத்தில் நடத்தும் சமூக நிகழ்ச்சிகளுக்கு 5,000 டாலர் வரை குவீன்ஸ்லாந்து அரசு கொடுத்து வந்திருக்கிறது. அந்த வாரத்துக்குள் நடக்க வேண்டும் என்பது முக்கியம், ஜூன் 10ஆம் தேதிதான் ஹால் கிடைத்தது என்றால் அது வேறு கதை. விண்ணப்பத்தின் கடைசித் தேதி வாரத்துக்குப் பல மாதம் முன்பே வந்துபோய்விடும், ஏப்ரலில் எழுந்து தேடினால் அடுத்த ஆண்டைத்தான் பார்க்க வேண்டும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் போன வருடத்துத் தாளை வைத்துக்கொண்டு எழுதாதீர்கள்.

பதிவு இல்லாத குழுவுக்குப் பணத்தை நேரடியாகக் கொடுக்க மாட்டார்கள். அதற்கு இங்கே ஒரு வழி உண்டு, ஆஸ்பிஸ் என்பார்கள். பதிவான ஒரு சங்கமோ பள்ளியின் பெற்றோர் அமைப்போ அக்கம்பக்கத்துச் சமூக நிலையமோ உங்களுக்காகப் பொறுப்பேற்று, தன் கணக்கில் பணத்தை வாங்கி, உங்கள் செலவுக்குக் கொடுத்து, கடைசியில் கணக்கும் காட்டும். சில இடங்களில் இதற்குச் சின்னத் தொகை பிடித்துக்கொள்வார்கள், அது தவறில்லை, வேலை அவர்களுக்கும்தானே. ஆனால் யார் எதற்குப் பொறுப்பு என்பதை ஒரு பக்கமாவது எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். "நம்ம அண்ணன்தானே" என்று ஆரம்பித்து அண்ணனோடு பேச்சுவார்த்தை நின்றுபோன கதைகள் எனக்கு நிறையத் தெரியும்.

பொதுப் பொறுப்புக் காப்பீடும் கேட்பார்கள், பல கவுன்சில்களில் 2 கோடி டாலருக்கு. தொகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது காப்பீட்டின் உச்சவரம்பு, நீங்கள் கட்டுகிற பணம் அதில் ஒரு துளி. பொறுப்பேற்கும் சங்கத்திடம் ஏற்கெனவே இருந்தால் அதுவே உங்கள் நிகழ்ச்சிக்கும் செல்லுமா என்று கேட்டுப் பாருங்கள்.

மற்ற மாநிலத்தவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். கான்பராவில் நல்லிணக்க நாள் 2018இலிருந்து பொது விடுமுறை, அதற்கென்று தனி மானியமும் அந்த ஊர் அரசு தருகிறது. எல்லா ஊர்களிலும் கவுன்சிலின் சமூக மானியம் என்று ஒன்று பெரும்பாலும் இருக்கும், அதில் இந்த வாரத்து நிகழ்ச்சியையும் போட்டுக் கேட்கலாம். ஜூலை முதல் வாரத்து நெய்டாக் வாரத்துக்கு மத்திய அரசின் உள்ளூர் மானியம் தனியாக உண்டு. ஆனால் நெய்டாக் பூர்வகுடி மக்கள் தங்களைத் தாங்களே கொண்டாடிக்கொள்ளும் வாரம், அவர்கள் வீட்டுத் திருவிழா. அதற்கு நாம் பந்தல் போடக் கூடாது, கூப்பிட்டால் போக வேண்டும். நல்லிணக்க வாரம் அப்படியில்லை, அதில் பாதி வேலை மற்றவர்களாகிய நம்முடையது.

எங்கள் தமிழ்ப் பள்ளி சார்பில் விண்ணப்பம் முக்கால்வாசி எழுதிவிட்டோம். "பூர்வகுடிச் சமூகத்துடன் எவ்வாறு இணைந்து திட்டமிட்டீர்கள்" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு மாதிரி பத்தி எழுதித் தர முடியுமா? (ஆசிரியை, டூங்காபி, சிட்னி)

முடியாது டீச்சர். எழுதத் தெரியாமல் இல்லை. நீங்கள் இன்னும் யாரிடமும் பேசவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது, பேசாததைப் பேசியதாக நான் எப்படி எழுதுவது?

இதை உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, இதே தவறை நானும் செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் நாங்கள் ஒரு சின்ன மானியம் வாங்கினோம், நோட்டீஸ் அடித்தோம், அதில் மாலை 6.00 வெல்கம் டு கன்ட்ரி (அந்த மண்ணுக்குரிய பூர்வகுடி மூத்தவர் வந்தவர்களை வரவேற்பது) என்றும் போட்டுவிட்டோம், அப்புறம்தான் அதைச் செய்ய யார் என்று தேடினோம். கடைசியில் தொலைபேசியில் கிடைத்த அம்மா மிகப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன்னுடைய நேரத்தை ஏற்கெனவே அச்சடித்துவிட்டீர்களா என்று மட்டும் கேட்டார். இன்றைக்கும் அந்தக் கேள்வி ஞாபகம் வந்தால் எனக்குக் காது சூடாகிறது. நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் மாமாவைக் கேட்காமல் மாமா பெயரைப் போட்டால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா?

ஆகவே அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு முதலில் போனை எடுங்கள். உங்கள் பகுதி தருக் மக்களின் மண். கவுன்சிலில் பூர்வகுடிச் சமூகத்துக்கென்று ஒரு அலுவலர் இருப்பார், அவரிடம் தொடங்குவது எளிது. நியூ சவுத் வேல்ஸில் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த உள்ளூர்ப் பூர்வகுடி நில மன்றங்கள் உண்டு, மேற்குச் சிட்னிக்கு டீரப்பின் நில மன்றம். இவை தவிர தருக் குடும்பங்கள் நடத்தும் அமைப்புகளும் இருக்கின்றன. யார் யாருக்காகப் பேசலாம் என்பதில் உள்ளூரில் வேறுபாடுகள் இருக்கும். நம் சங்கங்களில் இல்லாததா? நீங்கள் அதில் தீர்ப்புச் சொல்லப் போக வேண்டாம், ஒரே ஒரு இடத்தில் கேட்டுவிட்டு முடிந்தது என்றும் இருக்க வேண்டாம்.

விக்டோரியாவில் இது கொஞ்சம் தெளிவு. அங்கே எந்த நிலத்துக்கு எந்த அமைப்பு என்று 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவாகியிருக்கிறது, மெல்பர்ன் பக்கம் வுருன்ஜெரி அமைப்பும் புனுரோங் நில மன்றமும். வெல்கம் டு கன்ட்ரிக்கு அவர்களிடம் முறையாக விண்ணப்பித்துப் பதிவு செய்யலாம்.

போனில் என்ன பேசுவது? எங்கள் நிகழ்ச்சிக்கு வருவீர்களா என்று ஆரம்பிக்காதீர்கள். பள்ளியில் இத்தனை பிள்ளைகள், இந்த வாரத்தில் ஏதாவது செய்ய நினைக்கிறோம், என்ன செய்தால் உங்களுக்குப் பொருளுள்ளதாக இருக்கும் என்று கேளுங்கள். பதில் நீங்கள் நினைத்த மேடையும் நடனமுமாக இருக்காது. ஓடைக்கரையோரம் ஒரு நடை போகலாம் என்று சொல்லக்கூடும், நீங்கள் ஒன்றும் நடத்த வேண்டாம், நாங்கள் ஏற்கெனவே நடத்துவதற்கு வந்து நாற்காலி போடுங்கள் என்றும் சொல்லக்கூடும். அந்தப் பதிலைத்தான் கட்டத்தில் எழுத வேண்டும். யாரிடம் பேசினீர்கள், எப்போது, அவர்கள் என்ன சொன்னார்கள், அதனால் உங்கள் திட்டத்தில் எது மாறியது. இந்தக் கடைசி ஒன்றுதான் விண்ணப்பத்தைப் படிப்பவரின் கண்ணில் படும், எதுவுமே மாறவில்லை என்றால் நீங்கள் கேட்கவே இல்லை என்று அவருக்குப் புரிந்துவிடும்.

இன்னொன்று, டூங்காபியில் இருந்துகொண்டு பொருள் தேடி அலைய வேண்டாம். டூங்காபி என்பதே அவர்கள் சொல். பரமட்டா என்றால் விலாங்கு மீன்களின் இடம். 1797இல் பெமுல்வுய் என்ற பிஜிகல் குலத்துப் பூர்வகுடி வீரர் உங்கள் டூங்காபியிலிருந்த அரசுப் பண்ணையைத் தாக்கி, அங்கிருந்து பரமட்டா வரை சண்டை போய், உடம்பில் ஏழு குண்டுகளோடு பிடிபட்டு, பிறகு தப்பியும் போனார். 1802இல் அவரைச் சுட்டுக்கொன்று தலையை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள், அது இன்றுவரை திரும்பி வரவில்லை. நம்மவர்கள் வீடு வாங்கும் பெமுல்வுய் என்ற ஊர் அவர் பெயரில்தான். பக்கத்திலேயே பிராஸ்பெக்ட் குன்று, அங்கே 1805 மே மாதம் பூர்வகுடிப் பெண்களின் முயற்சியால் இரு தரப்பும் உட்கார்ந்து பேசியது. பிளாக்டவுன் என்ற பெயருக்குக் காரணம், பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்துப் படிப்பித்த விடுதி 1820களில் அங்கே இருந்தது. அந்த நிலம் 2018இல்தான் தருக் மக்களிடம் திரும்பிப் போனது. நம் பிள்ளைகள் தினமும் பஸ்ஸில் போகும் வழி இது. ஆனால் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவர் நானும் இல்லை, நீங்களும் இல்லை. அதற்காகத்தான் அந்தப் போன்.

ஆஸ்திரேலியப் பழங்குடியினரும் தமிழரும் ஒரே இனம் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. விழாவின் கருப்பொருளாக "தொலைந்த உறவுகள் மீண்டும் சந்திப்பு" என்று வைத்து விண்ணப்பித்தால் என்ன? (வாசகர், மெல்பர்ன்)

வேண்டாம் ஐயா. கெஞ்சிக் கேட்கிறேன்.

19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் தம் ஒப்பிலக்கண நூலில் திராவிட மொழிகளின் மூவிடப் பெயர்களையும் இங்குள்ள சில மொழிகளின் மூவிடப் பெயர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது உண்மை. இங்கே ஐரோப்பியர் வந்தபோது 250க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன, அத்தனை மொழிகளில் தேடினால் எந்த மொழிக்கும் ஒத்த நாலு சொல் கிடைக்கும். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. 2013இல் ஒரு மரபணு ஆய்வு, சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து இங்கே கலப்பு நடந்திருக்கலாம் என்றது, அதுதான் நம் வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. 2016இல் ஆண்வழி மரபணுவை முழுமையாகப் பார்த்த ஆய்வு அப்படிக் கலந்ததற்குத் தடயம் இல்லை என்று சொன்னது, அது ஏனோ நம் குழுக்களுக்கு வந்து சேரவில்லை.

ஆராய்ச்சியை விடுங்கள். 50,000 ஆண்டுகளுக்கு மேலாக இங்கே இருக்கும் மக்களிடம் போய், நீங்கள் எங்களிலிருந்து பிரிந்துபோனவர்கள் என்றால், அது அன்பாகக் கேட்காது. உங்களுக்கும் முன்னால் நாங்கள் என்றுதான் கேட்கும். இதையே வேறொருவர் நம்மைப் பார்த்துச் சொன்னால் நாம் எத்தனை பக்கம் மறுப்பு எழுதுவோம்! குமரிக்கண்டத்தை இந்த ஒரு வாரம் மட்டும் கடலுக்கடியிலேயே விட்டுவையுங்கள்.

நல்லிணக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு பிரட்டுகிறது. ஊரில் எங்களுக்கு நடந்தது தெரியும்தானே. இங்கே நான் அகதியாக வந்தவன், யாருடைய நிலத்தையும் பறிக்கவில்லை. எதற்காக நான் இந்த வாரத்தில் போய் நிற்க வேண்டும்? (வாசகர், வென்ட்வொர்த்வில்)

உங்கள் கடிதம் நான்கு பக்கம், இங்கே மூன்று வரிதான் போட முடிந்தது, மன்னியுங்கள். முழுவதையும் படித்தேன்.

2010இல் கொழும்பில் அமைத்த ஆணைக்குழுவின் பெயரிலேயே நல்லிணக்கம் இருந்தது. பிள்ளையைத் தேடிய தாய்மார் அதன் முன்னால் போய் அழுதுவிட்டு வந்தார்கள், பிள்ளை எங்கே என்பதற்குப் பதில் வரவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சொல் நம் ஆட்களுக்கு, உண்மையைச் சொல்லாமலே கை குலுக்கச் சொல்வது என்ற பொருளில் படிந்துவிட்டது. உங்கள் வயிறு பிரட்டுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

நீங்கள் அறியாத ஒன்று, அந்தச் சொல்லை இங்கே பூர்வகுடி மக்களிலேயே பலர் விரும்புவதில்லை. முன்பு சேர்ந்து இருந்தவர்கள் பிரிந்தால்தானே மறுபடி இணங்குவது, நாங்கள் எப்போது இணங்கி இருந்தோம் என்று கேட்பவர்கள் உண்டு. பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய விசாரணை அறிக்கை 1997 மே மாதம் நாடாளுமன்றத்துக்கு வந்தது, பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரியில். நடுவில் 2000இல் சிட்னி துறைமுகப் பாலத்தின் மேல் சுமார் இரண்டரை லட்சம் பேர் நடந்தார்கள். அவ்வளவும் நடந்த நாட்டில் 2023 அக்டோபரில், நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல அவர்களுக்கு ஒரு குரல் வேண்டுமா என்று கேட்டபோது சுமார் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஆறு மாநிலங்களும் வேண்டாம் என்றன. அதற்குப் பிறகும் மே 27 வந்தால் ஹாலுக்கு வந்து நம் பிள்ளைகளோடு பேசுகிறார்கள் என்றால், அவர்களுக்குள்ள பொறுமையை நினைத்துப் பாருங்கள்.

நீங்கள் குற்றவாளியாகப் போய் நிற்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்பது, கேட்க ஒரு ஆளாக உட்காருங்கள் என்றுதான். இங்கே நமக்குக் கிடைத்த பாதுகாப்பும் வீடும் பள்ளியும் அவர்களிடமிருந்து எடுத்த நிலத்தின் மேல் நிற்கிறது, நாம் எடுக்கவில்லை என்றாலும். அதே நேரம் மேடையில் ஏறி, எங்களுக்கும் இப்படித்தான் நடந்தது என்று ஆரம்பிக்காதீர்கள். அது அவர்களுடைய மாலைப்பொழுது. பேச்செல்லாம் முடிந்து தேநீர் குடிக்கும்போது, அங்கே இருக்கும் மூத்தவர் ஒருவர் நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று உங்களைக் கேட்பார், பெரும்பாலும் கேட்பார்கள். அப்போது சொல்லுங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும்.

போக மனம் வரவில்லையென்றால் போகாமல் இருங்கள். அதற்காக உங்களை யாரும் குறை சொல்ல முடியாது.

நம் கோலப் புள்ளியும் அவர்கள் புள்ளி ஓவியமும் ஒரே மாதிரி இருக்கின்றன. பிள்ளைகளுக்குக் கோலமும் புள்ளி ஓவியமும் சேர்ந்த பட்டறை, கூடவே டிஜரிடூ இசைக்குப் பரதநாட்டியம். விண்ணப்பத்தில் நன்றாக இருக்குமா? (வாசகி, பிரிஸ்பேன்)

படிக்க அழகாக இருக்கும், ஆனால் தெரிந்தவர் படித்தால் முகம் சுளிப்பார்.

நாம் கடைகளில் பார்க்கும் புள்ளி ஓவியம் 1971இல் நடு ஆஸ்திரேலியாவில் பப்புன்யா என்ற ஊரில் கலைஞர்கள் பலகையிலும் துணியிலும் வரையத் தொடங்கியதிலிருந்து பரவியது. அங்கே ஒவ்வொரு உருவுக்கும் ஒரு குடும்பம் உண்டு, அதை வரைய உரிமை உள்ளவர் உண்டு. பிரிஸ்பேன் இருப்பது டுர்பல், யகெரா மக்களின் மண், பப்புன்யா அங்கிருந்து அரை நாட்டுக்கு அப்பால். டிஜரிடூவும் அப்படித்தான், அது வடக்கே ஆர்ன்ஹெம் லேண்ட் பக்கத்து வாத்தியம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பூர்வகுடிக் கலை என்பது, யாழ்ப்பாணத்து நிகழ்ச்சிக்குப் பங்க்ரா வைத்துவிட்டு உங்கள் கலைதானே என்பது போல.

உங்கள் பகுதியைச் சேர்ந்த பூர்வகுடிக் கலைஞர் ஒருவரைத் தேடுங்கள், என்ன கற்றுத்தருவது என்பதை அவர் தீர்மானிக்கட்டும். நெசவாக இருக்கலாம், மரம் செடிகளின் பெயராக இருக்கலாம், அவர் வடக்கிலிருந்து வந்து குடியேறியவராக இருந்து டிஜரிடூவே வாசிக்கவும் கூடும், அப்போது அது சரி. கோலத்தைத் தனியாக நம் கலையாகப் போட்டுக் காட்டுங்கள், வந்தவர்களுக்கும் மாவைக் கொடுங்கள். சேர்ந்து ஒரு நடனம் என்பது ஒரே மாத ஒத்திகையில் வரக்கூடியதா? பல ஆண்டுப் பழக்கத்தில் அதுவாக வந்தால் வரட்டும்.

5,000 டாலரில் வரவுசெலவுத் திட்டம் எப்படிப் போடுவது? ஹாலுக்கும் சாப்பாட்டுக்குமே போய்விடும்போல இருக்கிறது. (சங்கப் பொருளாளர்)

போய்விடக் கூடாது, அதுதான் விஷயம். ஹாலில் ஆரம்பிக்காமல் ஆட்களிடமிருந்து ஆரம்பியுங்கள். வெல்கம் டு கன்ட்ரி செய்யும் மூத்தவர், பேச்சாளர், கலைஞர், பட்டறை நடத்துபவர், இவர்கள் அத்தனை பேருக்கும் ஊதியம் உண்டு. எவ்வளவு என்பதை நீங்கள் சொல்லாதீர்கள், அவர்களிடம் கேளுங்கள். பெரிய மனது பண்ணி இலவசமாக வருவார்கள் என்று விண்ணப்பத்தில் எழுதினால் அது உங்களுக்கே எதிராகப் போகும். நம் ஊர் நாதஸ்வரக்காரருக்குப் பணத்தைக் கையில் வைத்துவிட்டுத்தானே தாம்பூலம் கொடுக்கிறோம்? என் கணக்கில், பூர்வகுடிக் கைகளுக்குப் போகும் பணம் மொத்தத்தில் பாதியைத் தொட வேண்டும். சாப்பாட்டைப் பூர்வகுடியினர் நடத்தும் சமையல் நிறுவனத்திடம் வாங்கினால் அந்தப் பாதி தன்னால் வந்துவிடும், ஆனால் சைவம் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மூத்தவர் வந்துபோக டாக்ஸி, கூட வரும் உறவினருக்கும் சாப்பாடு, இவற்றையும் தனி வரியாகப் போடுங்கள். நம் பெண்களும் இளைஞர்களும் சம்பளமில்லாமல் செய்யும் வேலையையும் மணிக்கணக்காகக் கணக்கிட்டுச் சங்கத்தின் பங்களிப்பாகக் காட்டலாம். நாம் அதை எழுதுவதே இல்லை, அக்காமார் இரண்டு நாள் நின்று வடை சுட்டதெல்லாம் எந்தக் கணக்கிலும் வராமலே போகிறது.

ட்ராஃபி, பொன்னாடை, பிரமுகர்களுக்கு நினைவுப் பரிசு போன்றவற்றை இந்தப் பணத்தில் தொடாதீர்கள்.

மூன்று மின்னஞ்சல் போட்டும் அந்த மூத்தவரிடமிருந்து பதில் இல்லை. விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? (வாசகர், அடிலெய்டு)

அவசரப்படாதீர்கள். மே கடைசியில் ஒவ்வொரு பள்ளியும் வங்கியும் அலுவலகமும் அதே நாலு பேரைத்தான் கூப்பிடுகின்றன. தவிர, சாரி பிஸினஸ் என்று சொல்வார்கள், குடும்பத்தில் ஒரு சாவு என்றால் மற்ற எல்லாம் நின்றுவிடும், சிலவேளை வாரக்கணக்கில். சாவு வீட்டுக்காரரை நாமும் தொந்தரவு செய்ய மாட்டோமே. மின்னஞ்சலை விட்டுவிட்டு அவர் இருக்கும் அமைப்பின் அலுவலகத்துக்குப் போன் செய்து, வேறு யாரைக் கேட்கலாம் என்று கேளுங்கள். நிகழ்ச்சியன்று காலையில் வர முடியாமல் போனாலும் ஊதியத்தைப் பற்றி முணுமுணுக்காதீர்கள். அந்த நேரத்தில் நீங்களே அக்னாலெட்ஜ்மென்ட் சொல்லிக்கொள்ளலாம், வரவேற்கத்தான் நமக்கு உரிமையில்லை, இது யாருடைய மண் என்று மரியாதையாகச் சொல்லித் தொடங்க யாருக்கும் உரிமை உண்டு.

எங்கள் பொங்கல் விழாவுக்கு ஹால் கிடைத்தது ஜனவரி 26 அன்று. அதையே நல்லிணக்க நிகழ்ச்சியாகவும் ஆக்கிவிடலாமா?

கூடாது. 1788இல் ஆங்கிலேயக் கொடி ஏறிய நாள் அது. 1938இலேயே பூர்வகுடித் தலைவர்கள் சிட்னியில் கூடி அதைத் துக்க நாளாக அறிவித்தார்கள். தை மாதம் முழுக்கப் பொங்கல் வைக்கிற நமக்கு வேறு சனிக்கிழமையா கிடைக்காது?

போன வருட மானியத்தில் 640 டாலர் மிச்சம். இந்த வருட விழாவுக்கு வைத்துக்கொள்ளலாமா?

கேட்காமல் வைத்துக்கொள்ளக் கூடாது. கொடுத்தவர்களுக்கு இன்றே எழுதுங்கள், பெரும்பாலும் திருப்பிக் கேட்பார்கள், சிலவேளை இதே நோக்கத்துக்குச் செலவிட அனுமதிப்பார்கள். கணக்கு முடிப்புப் படிவம், அதுதான் அக்விட்டல் என்பார்களே, அதைக் கொடுக்காத சங்கத்துக்கு அடுத்த முறை கதவு திறப்பது கஷ்டம். ரசீதுகளைப் பொருளாளரின் கார் டாஷ்போர்டில் வைக்காமல் அன்றன்றைக்கே படம் எடுத்துவையுங்கள், வெயிலில் மை பறந்துவிடுகிறது. பிள்ளைகளும் மூத்தவரும் இருக்கும் படங்களை அறிக்கையில் சேர்ப்பதற்கு முன் அவர்களிடம் அனுமதி கேளுங்கள்.

மேடையில் எது முதலில், குத்துவிளக்கா வெல்கம் டு கன்ட்ரியா? செயற்குழுவில் இரண்டு மணி நேரம் சண்டை. வருகிற அம்மாவை ஆன்ட்டி என்று கூப்பிடலாமா என்றும் சொல்லுங்கள். (செயலாளர், பெண்டில் ஹில்)

வெல்கம்தான் முதலில். வீட்டுக்காரர் வாங்க என்று சொன்ன பிறகுதானே நாம் உள்ளே போய் விளக்கேற்றுவது? தமிழ்த்தாய் வாழ்த்து, தேசிய கீதம் எல்லாம் அதற்குப் பிறகு. விளக்கேற்ற அவரையும் அழையுங்கள், ஆனால் முன்பே சொல்லி விருப்பம் கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்ற வேண்டுமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். புகைச் சடங்கு செய்வதாக இருந்தால் ஹால் பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கி வெளியில் வையுங்கள், தீ அலாரம் அடித்தால் வண்டியோடு பில்லும் வரும்.

ஆன்ட்டி விஷயத்தில் கவனம். நாம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரையும் ஆன்ட்டி என்கிறோம். அவர்களிடம் ஆன்ட்டி, அங்கிள் என்பது சமூகம் மூத்தவராக மதித்துக் கொடுக்கும் பெயர், வயதானவர் எல்லோருக்கும் இல்லை. எப்படி அழைக்க வேண்டும் என்று அவரிடமே கேட்டு, நோட்டீஸிலும் தொகுப்பாளர் தாளிலும் அதையே போடுங்கள்.

அப்புறம் அந்த 6.00 மணி. நம் கணக்கில் அது 7.15 என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும், 70 வயதில் ரயில் பிடித்து 5.40க்கே வந்து காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவுக்குத் தெரியாது. எம்.பி. வராவிட்டாலும், ஒலிபெருக்கி இன்னும் கொய்ங் என்றாலும், ஆறு மணிக்கு ஆரம்பித்துவிடுங்கள்.